அயான், அயன், அய்யன்: ஓர் எழுத்துக்கு ஐயாயிரம் ரூபாயா?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஏழு மாதம். கார்த்திகை முதல் பாதம், 'அ'வில் தொடங்க வேண்டும் என்பதால் 'அயான்' என்று முடிவு செய்தோம். இணையத்தில் 'கடவுளின் பரிசு' என்று பொருள் போட்டிருந்தது. மாமனாரோ, "அது அயன், பிரம்மா பெயர், பூஜையில்லாத சாமியின் பெயர் பிள்ளைக்கு ஆகாது" என்கிறார். முஸ்லிம் பெயர் என்கிறார் ஓர் உறவினர். பெயரியல் நிபுணர் ஒருவர், ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டினால் தோஷம் போய்விடும் என்று 5,000 ரூபாய் கேட்கிறார். நான் துபாயில் வேலை பார்க்கிறேன். பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏற்றவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், தேனி மாவட்டம்

பதில்: முதலில் அந்த ஐயாயிரத்தைக் கொடுக்காதீர்கள். பெயரில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் படித்த பொருள் தப்பு.

பெயர்ப் பட்டியல் தளங்களுக்குப் பொருள் தெரியாத பெயரெல்லாம் 'கடவுளின் பரிசு'தான். சோதிப்பது எளிது. உண்மையிலேயே அந்தப் பொருள் உள்ள பெயர்களில் 'கடவுள்' ஒரு துண்டாகவும் 'கொடை' ஒரு துண்டாகவும் நிற்கும். அரபியில் ஹிபத்துல்லா, அதாவுல்லா, வடமொழியில் தேவதத்தன், எபிரேயத்திலிருந்து வந்த மத்தேயு, நத்தானியேல், கிரேக்கத்தில் தியோடர். 'அயானை' எப்படி வெட்டினாலும் கடவுளும் வரமாட்டார், பரிசும் வராது.

உண்மையான வேர் அரபியின் 'ஐன்', அதாவது கண். கண்ணால் கண்ட சாட்சியை அரபியில் 'ஷாஹித் இயான்' என்பார்கள். பாரசீகத்திலும் உருதுவிலும் அது 'அயான்' ஆகி, 'வெளிப்படையானது, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது' என்று நின்றது. நீங்கள் தேர்ந்தெடுத்த ஒலி அதுதான். இதே வேரின் பன்மையான 'அஃயான்' ஊர்ப் பெரிய மனிதர்களைக் குறிக்கும்; ஜோர்டான் நாட்டு மேலவைக்கே 'மஜ்லிஸ் அல்-அஃயான்' என்றுதான் பெயர். சோமாலியில் 'அயான்' என்றால் அதிர்ஷ்டம். அங்கே அது பெரும்பாலும் பெண் பெயர்.

வங்காளிகள் வைக்கும் 'அயன்' வேறு. அவர்கள் வாயில் அது 'ஒயொன்' என்று வரும். வடமொழி 'அயன', அதாவது செல்லுதல், வழி. உத்தராயணத்தில் இருப்பதும், ராமாயணத்தில் இருப்பதும், ஜோதிடர் சொல்லும் அயனாம்சத்தில் இருப்பதும் இதே சொல். முன்னால் 'ர' வந்தால் 'ன' 'ண' ஆகும் என்ற வடமொழி விதியால் முதல் இரண்டிலும் 'ண' வந்துவிட்டதே தவிர, வேறு சொல் அல்ல. ஆக உறவினருக்குப் பதில்: இந்தப் பெயரை முஸ்லிம்களும் வைக்கிறார்கள், இந்துக்களும் வைக்கிறார்கள், ஒலி ஒட்டியிருக்கிறது, வேர் வேறு.

இனி மாமனார். அவர் சொல்லும் அயன் மூன்றாவது சொல். 'அஜ' என்றால் பிறவாதவன். பங்கஜம் பங்கயம் ஆனதுபோல, கஜமுகன் கயமுகன் ஆனதுபோல, அஜன் தமிழில் அயன் ஆனான். சம்பந்தர் பதிகங்களில் ஒன்பதாம் பாட்டில் திருமாலோடு சேர்ந்து அடிமுடி தேடுகிறவன் இவன்தான். தசரதனின் தந்தை பெயரும் அஜன்தான். அரச குலத்தில் வைத்த பெயர் எப்படி ஆகாத பெயராகும்? பூஜையே இல்லை என்பதும் சரியல்ல. திருச்சி பக்கம் திருப்பட்டூரில் பிரம்மா சந்நிதியில், தலையெழுத்தை மாற்றச் சொல்லி ஜாதகத்தோடு கூட்டம் நிற்கிறது. மாமனாரை ஒருமுறை அழைத்துப் போய்விட்டு வாருங்கள்.

நெல்லைப் பக்கம் ஜமீன் சிங்கம்பட்டி, அயன் சிங்கம்பட்டி என்று இரண்டு ஊர் உண்டு. அந்த 'அயன்' ஜமீனுக்கோ இனாமுக்கோ போகாமல் அரசே நேராக வரி வாங்கிய நிலம். பழைய வருவாய்க் கணக்குச் சொல். அது உருது வழியாக வந்த அதே அரபி 'ஐன்'தான். பிள்ளைக்கு உண்மையில் தொல்லை தரப்போவது இவை எதுவுமில்லை, தெருமுனையில் துணி தேய்க்கும் 'அயன்'. பள்ளியில் நிச்சயம் கேலி செய்வார்கள். அதனால் 'யா'வை நீட்டியே எழுதுங்கள், நீட்டியே கூப்பிடுங்கள்.

இப்போது அந்த ஓர் எழுத்து. பெயரியலில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துக் கூட்டுவார்கள். இங்கே பெரும்பாலானோர் அதற்குப் பார்ப்பது கால்டியன் அட்டவணை. அதில் ஏ, ஒய் இரண்டுக்கும் 1, என்-க்கு 5. ஏ-ஒய்-ஏ-என் கூட்டினால் 8. எட்டு சனி என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஓர் ஏ சேர்த்தால் 9, செவ்வாய், பிரமாதம்! இவ்வளவுதான் 5,000 ரூபாய் வேலை. இதையே பித்தாகரஸ் அட்டவணையில் போட்டால் ஒய்-க்கு 7. முதல் எழுத்துக்கோவை 14, அதாவது 5. இரண்டாவது 15, அதாவது 6. எட்டும் இல்லை, ஒன்பதும் இல்லை. போதாக்குறைக்கு, உங்கள் இனிஷியலைச் சேர்த்ததும் எல்லாக் கூட்டலும் மாறிவிடும். 'யா' நெடில் என்பதால் இரண்டு ஏ போடுவது உச்சரிப்புக்கே சரி. அதைக் காசில்லாமல் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஏ-க்குப் பதிலாக ஒய்-ஐ இரட்டிக்கச் சொன்னாலும் கூட்டல் அதே 9தான். சில நிபுணர்கள் அதையும் எழுதித் தருவார்கள். வேண்டவே வேண்டாம். ஏ-ஒய்-ஒய்-ஏ-என் என்று எழுதினால் நம் அலுவலகக் கணினி அதை 'அய்யன்' என்று தமிழாக்கும். அய்யன் நல்ல சொல்தான், திருவள்ளுவருக்கே சொல்கிறோம். ஆனால் உங்கள் பிள்ளையின் பெயர் அது இல்லை. அதைவிட, எகிப்திய அரபியில் 'அய்யான்' என்றால் உடம்பு சரியில்லாதவன். 'அன அய்யான்' என்றால் 'எனக்கு உடம்பு முடியவில்லை' என்று பொருள். நீங்கள் இருப்பது துபாய். எகிப்து ஆசிரியர், எகிப்து மருத்துவர், எகிப்து எழுத்தர் யாரிடமாவது பிள்ளை பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு ஒய் இருந்தால் 'தெளிவானவன்', இரண்டு இருந்தால் 'நோயாளி'. ஆஸ்பத்திரி வரவேற்பில் இதைவிடக் குழப்பமான பெயர் வேறில்லை. வாயால் சொல்லும்போதும் 'ய'வில் அழுத்தாதீர்கள்.

சான்றிதழுக்கு வருவோம். பெயரில்லாமல் பதிவான பிறப்புக்கு 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். உங்களுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. அலுவலக வாசலில் நிற்கும் இடைத்தரகர் "நாள் முடிந்துவிட்டது" என்றால் நம்பவேண்டாம். போகவேண்டியது நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு அல்ல, குழந்தை பிறந்த ஊரின் பிறப்புப் பதிவாளரிடம். பிரசவம் மதுரையில் என்றால் மதுரைதான்.

ஒருமுறை ஏற்றிய பெயரை நினைத்தபோது மாற்ற முடியாது. 1.10.2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். பள்ளி, பாஸ்போர்ட், ஆதார் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும். இவ்வளவு முக்கியமான காகிதத்தில், ஆங்கிலத்தில் அடித்ததைத் தமிழாக்கும் வேலையை இயந்திரத்திடம் விட்டுவிட்டு, வந்ததைத் திருப்பிப் பார்க்கக்கூட ஆள் வைக்காதது என்ன நிர்வாகமோ! பிழையைத் திருத்த அலைவது என்னவோ பெற்றோர்தான்.

ஆகவே விண்ணப்பத்தில் தமிழில் 'அயான்' என்று எழுதுங்கள், கால் தெளிவாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஏ, ஒய், ஏ, ஏ, என் என்று பெரிய எழுத்தில், ஒவ்வொன்றையும் பிரித்து எழுதுங்கள். இனிஷியல் எழுத்தாகவா, உங்கள் முழுப்பெயராகவா என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். அச்சடிக்கும் முன் திரையைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் நகர்ந்துவிடாமல் நின்று கேளுங்கள். 'அயான்' 'அயன்' ஆவது ஒரு கால் விட்டுப்போவதில்தான்.