நாய் வளர்ப்புச் செலவு: எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக்கூடாது?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு வயது லாப்ரடார் (ஆண்), ஒன்றரை வயது நாட்டு நாய் (பெண்) இரண்டும் இருக்கின்றன. ஊசி, பூச்சி மாத்திரை, உண்ணி மருந்து என்று கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் பணம் கரைகிறது. வீட்டில் ஒரு சம்பளம்தான். எதையாவது குறைத்துக்கொள்ளலாமா? - வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் பலரும் தப்பான இடத்தில் குறைக்கிறார்கள். ரேபிஸ் ஊசியைத் தள்ளிப்போட்டுவிட்டு, முடி மினுமினுக்கும் டானிக்கை மாதாமாதம் வாங்குவார்கள். நல்ல சாப்பாடு கிடைக்கிற நாய்க்கு அந்த டானிக் தேவையே இல்லை.

ரேபிஸ் ஊசி இரண்டுக்கும் வருடம் ஒருமுறை கட்டாயம். இதைச் செலவில்லாமலே போட வழி இருக்கிறது. ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். இந்த நாட்களை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இலவச ஊசி மட்டமாக இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு, நம்பாதீர்கள்.

'செவன் இன் ஒன்', 'நைன் இன் ஒன்' என்கிற கூட்டு ஊசியில்தான் மிச்சம் பிடிக்க இடம் இருக்கிறது. குட்டியில் முழுச் சுற்றும், அடுத்து ஒரு வயது வாக்கில் பூஸ்டரும் போட்டிருந்தால், பார்வோ, டிஸ்டெம்பர், ஹெபடைட்டிஸ் என்ற மூன்று வைரஸ் நோய்களுக்கும் அதன்பின் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். உலக சிறு பிராணி மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலே அப்படித்தான். லெப்டோ (எலிக்காய்ச்சல்) மட்டும் விலக்கு. அதற்கு வருடா வருடம் ஊசி வேண்டும். வயலும் வாய்க்காலும் எலியும் உள்ள உங்கள் ஊரில் அதை விடவே கூடாது. லெப்டோவைத் தனியாகப் போட முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் டாக்டரை மாற்றுங்கள்.

குடல்புழு மாத்திரை மலிவு, மூன்று மாதத்துக்கு ஒன்று. எடை பார்த்துக் கொடுத்தால்தான் வேலை செய்யும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். லாப்ரடார் முப்பத்தைந்து கிலோவைத் தாண்டியிருந்தால் சோற்றைக் குறையுங்கள். உண்ணி மாத்திரை, மயக்க மருந்து எல்லாமே எடைக்கு ஏற்ப விலை ஏறும்.

பெரிய பில் வருவது உண்ணியால்தான். உண்ணி பரப்பும் ரத்த நோய்களான எர்லிக்கியா, பேபீசியா வந்துவிட்டால் ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், நாலு வாரம் மாத்திரை என்று இழுக்கும். பல வருட உண்ணி மருந்துக் காசு ஒரே மாதத்தில் போய்விடும். உண்ணி நாயின் மேல் இருப்பதைவிடச் சுவர் விரிசலிலும் படுக்கும் சாக்கிலும்தான் அதிகம். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். விரிசலைச் சிமெண்டால் பூசுங்கள், சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசுங்கள். மாத்திரை வாங்குவதானால் மாதாந்திர மாத்திரையின் விலையையும் மூன்று மாதம் தாங்கும் மாத்திரையின் விலையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய நாய்க்கான மாத்திரையை உடைத்து இரண்டுக்கும் பங்கு போட வேண்டாம். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை அளவு தெரியாமல் போட்டு வலிப்பில் விழும் நாய்கள் உண்டு. நமக்கான டைக்குளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம். வயிற்றில் புண்ணாகி சிறுநீரகம் கெடும்.

பெண் நாய்க்குக் கருத்தடை அறுவை இன்னும் செய்யவில்லையென்றால் அதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து வயதோடு ஏறும். அதற்கு நள்ளிரவில் அவசர ஆபரேஷன் செய்தால் செலவு பல மடங்கு. ஹீட்டுக்கு (இணைசேரும் பருவத்துக்கு) வந்து சில வாரங்களில் அதிகம் தண்ணீர் குடித்துச் சோர்ந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். அங்கே மாணவர்கள் சூழ்ந்து நின்று பார்ப்பார்கள், நேரம் ஆகும். தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறைவு, மேற்பார்வைக்குப் பேராசிரியர்கள் இருப்பார்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள்.

காப்பீடு பற்றி யோசித்தால், வழக்கமான ஊசி, புழு மாத்திரைச் செலவைப் பெரும்பாலும் தரமாட்டார்கள். விபத்து, அறுவை சிகிச்சைக்குத்தான். எங்கே காட்டினாலும் ஊசிப் புத்தகத்தில் மருந்து பாட்டிலின் லேபிளை ஒட்டித் தேதி போடச் சொல்லுங்கள். புத்தகம் இல்லாமல் வரும் நாய்க்குப் போட்ட ஊசியையே திரும்பப் போட வேண்டியிருக்கிறது.