மறு: சுக்குக் காப்பியில் பால் திரிகிறது

ஐப்பசி மழையில் வரும் விருந்தாளிகளுக்குக் கருப்பட்டி போட்டுச் சுக்குக் காப்பி கொடுத்தால் பால் திரியுது, அடியில் மண் தங்குதுன்னு கேட்டிருக்கீங்க. பால் கெட்டதில்லை. கருப்பட்டியில் லேசான புளிப்பு இருக்கும். பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரியத்தான் செய்யும்.

ஆறு பேருக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 120 கிராம் கருப்பட்டி. தட்டிப் போட்டு, கரைஞ்சதும் துணியில் வடிகட்டுங்க. மண் போயிரும். திரும்ப அடுப்பில் வச்சு, இரண்டு அங்குலச் சுக்கு, இரண்டு ஸ்பூன் மல்லி, அரை ஸ்பூன் மிளகு எல்லாத்தையும் இடிச்சுப் போட்டுச் சிறுதீயில் பத்து நிமிஷம். துளசியும் ஒரு ஸ்பூன் காப்பித்தூளும் அடுப்பை அணைச்ச பிறகுதான். தூள் கொதிச்சா கசக்கும். மூடி வச்சு, தெளிஞ்சதும் இறுத்துக்கோங்க.

பாலைத் தனியாக் காய்ச்சி, தம்ளரில் கலந்தா போதும். கேட்டா, இதுக்குப் பாலே வேண்டாம்னுதான் சொல்வேன்.

மழைக்குக் கருப்பட்டி கசியும், இறுக்கமான டப்பாவில் வைங்க.