இப்னு ஜுபைரின் சாபச்சொற்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டாம் நூற்றாண்டு முஸ்லிம் பயணி இப்னு ஜுபைரின் பயணநூலை மொழிபெயர்ப்பில் வாசித்தேன். சிலுவைப்போர்க்காரர்கள் வசமிருந்த, பாலஸ்தீனக் கடற்கரையின் அக்கா நகரைக் குறிப்பிடும்போது ‘இறைவன் இதை அழிப்பானாக’ என்கிறார். இத்தனை வெறுப்போடு சென்றவர் அந்நியரைப் பற்றி எழுதியதை எப்படி நம்புவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் வாசிப்பில் நானும் அதை வெறுப்பாகவே எடுத்துக்கொண்டேன். அது பழகிப்போன ஒரு வாய்ப்பாடு என்று இப்போது நினைக்கிறேன். ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சியிலிருந்த கிரானடாவின் ஆளுநரிடம் எழுத்தராக இருந்து, 1183-இல் ஹஜ்ஜுக்குக் கிளம்பிய அவர், தம் மதத்தவர் படிப்பதற்காகவே எழுதினார். எதிரியைப் புகழ நேரும் இடங்களில் அந்தச் சொற்கள் அவருக்குக் காப்பாக நின்றிருக்க வேண்டும்.

அக்காவுக்கு வடக்கேயுள்ள தீரு (டயர்) நகரின் துறைமுகத்தருகே அவர் கண்ட கிறிஸ்தவத் திருமணத்தை மறுபடி வாசியுங்கள். பொன்னிழையோடிய பட்டாடை தரையில் இழுபட, இருபுறமும் இரு ஆண்கள் தாங்கிவர, மணப்பெண் சிற்றடி வைத்து நடந்ததை எதையும் விடாமல் எழுதிய பிறகுதான், இந்தக் காட்சியின் மயக்கத்திலிருந்து இறைவன் காக்கட்டும் என்கிறார். பார்க்க விரும்பாதவர் ஆடையின் தொங்கல் வரை பார்த்திருப்பாரா?

இதைவிட முக்கியமானது, 1184-இல் டமாஸ்கஸிலிருந்து அக்காவுக்குச் செல்லும் வழியில், திப்னீன் என்ற கோட்டையூரைக் கடந்தபின் அவர் எழுதியது. பிராங்குகளின், அதாவது சிலுவைப்போருக்கு வந்த ஐரோப்பியரின், ஆட்சியிலிருந்த முஸ்லிம் உழவர்கள் விளைச்சலில் பாதியையும் தலைக்கு ஒரு தினாரும் ஐந்து கிராத்தும் (தினாரின் சிறு பகுதி) செலுத்திவிட்டு, வீடும் உடைமையும் தம் வசமிருக்க வாழ்கிறார்கள் என்றும், தம் மதத்து ஆட்சியாளர்களிடம் இருப்பவர்களோ அநீதிக்கு ஆளாகிறார்கள் என்றும் பதிவு செய்கிறார். (வழிப்போக்கரின் கணக்கு இது, அந்த உழவர்களைக் கேட்டிருந்தால் வேறு கணக்குச் சொல்லியிருக்கக்கூடும்.) இது முஸ்லிம்களுக்கு நேர்ந்த துன்பங்களில் ஒன்று என்று வருந்துகிறார், வருந்தியும் மறைக்கவில்லை. நான் அவரை நம்புவது அதனால்தான்.

அக்காவில் பள்ளிவாசல்கள் தேவாலயங்களாக்கப்பட்டதைக் கண்டு கலங்கியவர், அந்நகரின் ‘மாட்டு ஊற்றை’ப் பற்றியும் எழுதுகிறார். முதல் மனிதர் ஆதமுக்காக இறைவன் மாடுகளை வெளிப்படுத்தியதாகச் சொல்லப்படும் ஊற்று அது. அங்கிருந்த பள்ளிவாசலில் தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப் மட்டும் எஞ்சியிருக்க, அதன் கிழக்கே பிராங்குகள் தங்கள் வழிபாட்டு மாடத்தை அமைத்திருந்தார்கள். முஸ்லிமும் கிறிஸ்தவரும் அங்கே கூடி அவரவர் திசை நோக்கித் தொழுதார்கள் என்கிறார். கிறிஸ்தவர் கையிலிருந்தும் அவ்விடம் மதிப்போடு பேணப்பட்டதையும் சொல்லாமல் விடவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்