நாம் வாங்கிக் கொடுக்கும் உதிரிப்பாகத்தை மெக்கானிக் மாட்ட மறுக்கலாமா?

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். தேவகோட்டையில் என் அப்பா ஓட்டும் சிறிய காருக்குக் கிளட்ச் தேய்ந்துவிட்டது. காரைக்குடியில் வழக்கமாகக் காட்டும் பட்டறையில் பொருளுக்கு மட்டும் 7,200 ரூபாய் கேட்டார்கள். அதே கம்பெனிப் பெயர் போட்ட கிளட்ச் செட்டை இணையத்தில் 4,800 ரூபாய்க்கு வாங்கி அனுப்பினேன். "வெளியில் வாங்கிய சாமானை மாட்டமாட்டேன்" என்கிறார் மெக்கானிக். அப்படி மறுக்க அவருக்கு உரிமை உண்டா?

பதில்: உண்டு. அவர் இன்னும் வண்டியில் கை வைக்கவில்லை, கூலியும் வாங்கவில்லை. ஆகவே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் சேவைக் குறைபாடு என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. ஒப்புக்கொண்டு மாட்டினால்தான் பொறுப்பு தொடங்கும். அப்போதும் வேலைக்குத்தான் அவர் பொறுப்பு, பொருளின் தரத்துக்கு விற்றவரும் தயாரித்தவரும் பொறுப்பு. சண்டை மூள்வதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில்தான்.

கிளட்ச் விஷயத்தில் அந்த இடுக்கு மிகவும் குறுகலானது. உங்கள் அப்பாவுடையதைப் போன்ற சிறிய காரில் ஆக்சில்களை உருவி, கியர்பாக்ஸை இறக்கினால்தான் கிளட்ச் தட்டு கண்ணுக்கே தெரியும். பழைய தட்டின் மேல் புதியதை வைத்து, விட்டமும் நடுத்துளையின் பற்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான். ஒத்துப்போகாவிட்டால், மாற்றுப் பெட்டி கூரியரில் வந்து சேரும்வரை உங்கள் வண்டி அவருடைய இடத்தை அடைத்துக்கொண்டு பிரித்தபடியே கிடக்கும். சரியாகப் பொருந்தி, இரண்டு மாதத்தில் நழுவத் தொடங்கினாலோ, இணையக் கடைக்காரர் மிஞ்சிப்போனால் வேறு தட்டு அனுப்புவார். கியர்பாக்ஸை மறுபடி இறக்கி ஏற்றும் கூலியைத் தானாக முன்வந்து தரமாட்டார். நீங்கள் மிச்சம் பிடித்த 2,400 ரூபாய் அந்த இரண்டாவது கூலிக்குப் போய்விடும். பொருள் வாங்கும் கடையில் தனக்குக் கிடைக்கும் கழிவும் (கமிஷன்) மெக்கானிக்கின் மறுப்புக்கு ஒரு காரணம்தான். அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். கழிவை வாங்கிக்கொள்பவர்தான் பொருள் பழுதானால் கடைக்கு ஓடி மாற்றி வருகிறார். வைப்பர், பல்பு, ஏர் ஃபில்டர் போன்றவற்றுக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம்.

உங்களைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் நான் அஞ்சுவது இணையக் கடையைவிட இடைத்தரகர்களுக்குத்தான். செட்டிநாட்டில் பாதி வீடுகளில் வண்டி மட்டும் இருக்கிறது, சொந்தக்காரர் இருப்பதில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ ஓட்டுநரோ, "மதுரையில் தெரிந்த கடை இருக்கிறது, பாதி விலைக்கு முடித்துவிடலாம்" என்று கிளம்புவார். பெட்டி வரும், பில் வராது. அப்படி வந்த கிளட்ச் பெட்டி ஒன்றை என்னிடம் பிரித்துக் காட்டினார்கள். மேலே ஹாலோகிராம் பளபளத்தது. உள்ளே இருந்த தட்டில் ரிவெட்டுகள் புதியவை, ஆனால் நடுத்துளையின் பற்கள் தேய்ந்து மின்னின. பெயிண்டின் தின்னர் வாடைகூடப் போகவில்லை. ஓடித் தேய்ந்த தட்டுக்குப் புது லைனிங் அடித்து, பட்டறைக் குப்பையில் பொறுக்கிய நல்ல பெட்டியில் போட்டிருந்தார்கள். காலிப் பெட்டிக்குக் காசு கொடுக்க ஆள் இருப்பதால்தான் நாணயமான மெக்கானிக் பெட்டியைக் கிழித்துப் போடுகிறார். பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமானைப் பழையது என்று சொல்லித்தான் விலை ஏற்றுகிறார்கள். இவர்கள் பழையதைப் புதியதாக்கி விலையைக் குறைக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வட்டாரத்தில் அது சாதாரணம். வண்டிக் கொட்டகையில் நிற்கும் அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் சொந்தக்காரரே பொருள் தேடிக் கொடுப்பதுதான் முறை. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது, பத்மினி அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது. மெக்கானிக் எந்தக் கடைக்குப் போவார்? ஆனால் "அம்பாசடர் கிளட்ச்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 1,489 சிசி பழைய பெட்ரோல் எஞ்சினும் 1,817 சிசி இசுசு எஞ்சினும் வேறு வேறு. பழைய தட்டைக் கையில் எடுத்துக்கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்க வேண்டும். பிரிக்காத பழைய ஸ்டாக் கிடைத்தால் இரும்புச் சாமானை நம்பலாம். பிரேக் வீல் சிலிண்டர் ரப்பர், ஹோஸ் போன்றவற்றை எவ்வளவு அழகான பெட்டியில் இருந்தாலும் வாங்கக் கூடாது. ஓடாமல் வைத்திருந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டுவிடும், மலையேறி இறங்கும்போதுதான் அது தெரியவரும்.

உதிரிப்பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை என்று 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடு, நீதிமன்றம் என்று அது அலைந்தது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். காரைக்குடிப் பட்டறைக்காரருக்கு இவற்றால் ஒரு நட்டுகூட எளிதாகக் கிடைத்ததாக நான் பார்க்கவில்லை. முதலில் சொன்ன நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மட்டும் உங்களுக்கு உதவும்: விற்றவர் டெல்லியில் இருந்தாலும், அப்பா பெயரில் பில் இருந்தால், அவர் குடியிருக்கும் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பேசிப் பாருங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, பெட்டியின் முத்திரையைப் பிரிக்காமல், அதிலுள்ள பாக எண்ணையும் வண்டியின் சேஸிஸ் எண்ணையும் படமெடுத்து மெக்கானிக்குக்கு அனுப்புவது. ஒத்துப்போனால் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதாகச் சொல்லி, "பொருள் வாடிக்கையாளருடையது, வேலைக்கு மட்டும் இத்தனை மாதப் பொறுப்பு" என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பெட்டியை அனுப்பிவிட்டு, அவர் சொன்ன 7,200 ரூபாய்க்கே சம்மதியுங்கள். எந்த வழியில் மாட்டினாலும், கழற்றிய பழைய தட்டையும் பேரிங்கையும் ஒரு சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும்படி அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.