இரண்டு பிரா போட்டும் வலிக்கிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 36, இரண்டு குழந்தைகள். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். சில மாதங்களாகக் காலையில் மைதானத்தில் ஓடுகிறேன். சில ஞாயிறுகளில் தோழிகளோடு ஏற்காடு மலைப்பாதைக்கும் போவதுண்டு. ஓடி முடித்ததும் இரண்டு மார்பகங்களும் வலிக்கின்றன, இறக்கத்தில் இன்னும் அதிகம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிரா போட்டுப் பார்த்தேன். இப்போது மார்பகத்துக்கு அடியில் சிவந்து அரிக்கிறது. ஓடினால் மார்பு தொங்கிப்போகும் என்கிறார் மாமியார். ஓடுவதை விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம். மாற்ற வேண்டியது பிராவைத்தான்: ஓட்டத்துக்கென்றே வரும் ஸ்போர்ட்ஸ் பிரா, அதுவும் சரியான அளவில்.

மார்பகத்துக்குள் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளும்தான். அவற்றைத் தாங்குபவை மேல்தோலும், உள்ளே ஓடும் மெல்லிய நார்களும் மட்டுமே. ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசைகிறது. இந்த இழுபறிதான் உங்கள் வலி. இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் பலமாக விழுவதால், ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கூடுதலாக வலிப்பதில் ஆச்சரியமில்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மார்பகம் கனத்திருந்தால் இன்னும் தெரியும்.

மாமியாருக்கு ஒரு பதில்: மார்பகம் தளர்வதற்கு வயது, கர்ப்பம், எடை ஏறி இறங்குவது, உடல்வாகு எல்லாம் காரணம். ஓடுவதால்தான் தளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

இரண்டு பிரா போடுவது பலர் செய்வதுதான். ஆனால் அளவு தவறிய ஒன்றின்மேல் அளவு தவறிய இன்னொன்று போட்டால் வியர்வைதான் தேங்கும். பிராவில் பாரத்தைத் தாங்குவது தோள் நாடா என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான வேலையைச் செய்வது மார்பகத்துக்குக் கீழே உடம்பைச் சுற்றிவரும் பட்டை. அது தளர்ந்திருந்தால் நாடாவை இழுத்து இழுத்துக் கட்டுவோம், தோளில் பள்ளம் விழும், கழுத்தும் வலிக்கும், மார்பகம் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

அதனால் எம், எல், எக்ஸ்எல் என்று குத்துமதிப்பாக வாங்காதீர்கள். இஞ்ச் டேப்பால் மார்பகத்துக்குக் கீழே ஒட்டினாற்போல் ஒரு சுற்று, மார்பகம் எடுப்பாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்று அளந்து, அந்தக் கம்பெனியின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். பிரசவத்துக்கு முன் போட்ட அளவை மறந்துவிடுங்கள்.

சிறிய மார்பகம் என்றால் நெஞ்சோடு அழுத்திப் பிடிக்கும் ரகமே போதும். கொஞ்சம் பெரிதென்றால் இரண்டு பக்கமும் தனித்தனிக் கப், முதுகில் ஹூக், கூட்டிக் குறைக்கக்கூடிய அகலமான நாடா உள்ளதைக் கேளுங்கள். யோகாவுக்கும் நடைக்கும் விற்கும் மெல்லிய ரகம் ஓட்டத்துக்குத் தாங்காது. டிரயல் ரூமில் கண்ணாடியைப் பார்த்து நிற்பதோடு விடாமல், நின்ற இடத்திலேயே நாலு குதி குதியுங்கள். இரு கைகளையும் தூக்குங்கள், பட்டை மேலே ஏறக் கூடாது. பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்குமேல் கூடாது. மூச்சை ஆழமாக இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்தால் அளவு சிறிது. ஹூக் இருந்தால் கடைசி வரிசையில், அதாவது ஆகத் தளர்வான வரிசையில், சரியாக இருப்பதை வாங்குங்கள். எலாஸ்டிக் இளக இளக உள்வரிசைக்கு மாறலாம்.

பருத்திதான் நல்லது என்று நம்மூரில் சொல்வார்கள். அன்றாடத்துக்குச் சரி. சேலம் வெயிலில் ஓடினால் பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும், சீக்கிரம் உலரும் துணியே மேல். (ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றும் பழங்காலத்துப் பொருள் இல்லை. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் மூன்று பெண்கள், ஆண்கள் விளையாட்டில் போடும் சப்போர்ட்டர் இரண்டை ஒட்டித் தைத்துத்தான் முதல் மாதிரியைச் செய்தார்கள்.)

அடியில் சிவந்து அரிப்பது, பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாவிட்டாலும், ஈரத்தில் வரும் பூஞ்சைத் தொற்று போலிருக்கிறது. மெடிக்கலில் "படைக்கு ஒரு க்ரீம்" என்று கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தந்துவிடுவதுண்டு. அரிப்பு இரண்டே நாளில் அடங்கும், பூஞ்சையோ உள்ளுக்குள் பரவும், தோலும் மெலியும். தோல் மருத்துவரிடம் காட்டி மருந்து வாங்குங்கள். அடிக்கடி திரும்பி வந்தால் ரத்தத்தில் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மலைக்குப் போகும்போது உலர்ந்த பிரா ஒன்றைப் பையில் வைத்திருங்கள். அடிவாரத்தில் இறங்கியதும் மாற்றிக்கொள்ளலாம், ஈரத்தோடு வீடுவரை பஸ்ஸில் உட்கார்ந்து வர வேண்டாம். பட்டை உரசி எரியும் இடத்தில் ஓடுவதற்கு முன் கொஞ்சம் வாசலின் தடவலாம், தோல் சிவக்காமல் இருந்தால் மட்டும்.

துவைப்பது எளிது. ஓடி வந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, மென்மையான சோப்பில் கையால் துவையுங்கள். வெந்நீர், ப்ளீச், கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் டவலில் சுருட்டி அழுத்தி, நிழலில் காயப்போடுங்கள். மொட்டை மாடி வெயில் எலாஸ்டிக்கைச் சீக்கிரம் கெடுத்துவிடும். இரண்டு, மூன்றை மாற்றி மாற்றிப் போட்டால் நீடிக்கும். உள்வரிசை ஹூக்கிலும் பட்டை தளர்ந்துவிட்டால் ஓட்டத்துக்கு அதன் ஆயுள் முடிந்தது, வீட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

சரியான பிரா போட்டும் வலி ஒரே இடத்தில் நிலைத்து நின்றாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பு உள்ளிழுத்தாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, தோல் குழி விழுந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் மார்பகத்தைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓடும்போது நடு நெஞ்சில் பாரம், வழக்கத்துக்கு மீறிய மூச்சு வாங்கல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் அது இதயத்தின் விஷயமாக இருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.