கண்ணை மூடினா நான் காணாமப் போறன்

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயசு, வெள்ளவத்தையில இருக்கிறன், பாங்க்ல வேலை. ஒன்பது பத்து வயசில வீட்டுக்கு வந்து போற சொந்தக்காரர் ஒருத்தரால எனக்கு நடந்ததை விவரமா எழுத ஏலாது. இப்ப ஒஃபீஸ்ல மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு வைக்கினம். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னா ரெண்டு நிமிசத்தில என்ட கை என்டதில்லாத மாதிரி, நான் மேல ஃபேனுக்குப் பக்கத்தில நிண்டு என்னையே பாக்கிற மாதிரி வருது. போன கிழமை பஸ்ஸிலயும் இப்பிடித்தான், பாத்தா இறங்க வேண்டிய இடம் தாண்டி தெஹிவளையில நிக்கிறன். படிப்பிக்கிறவர் எனக்கு முயற்சி காணாது எண்டுறார். அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது, அந்தச் சொந்தக்காரர் தீபாவளிக்கும் வீட்ட வாறார். எனக்கென்ன பைத்தியமா?

பதில்: பைத்தியம் இல்லை தங்கச்சி. அதை முதல் சொல்லிட்டு மற்றதைக் கதைக்கிறன்.

அந்த ஃபேன் வரியை நான் ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். பத்து வயசுப் பிள்ளையால ஓட ஏலாது, அடிக்க ஏலாது, கத்தினாலும் ஆர் நம்பப் போகினம், அப்ப உடம்பை அங்கயே விட்டிட்டு மனசு மட்டும் எழும்பிப் போய் ஃபேன்லயோ சுவரில தொங்கிற கலண்டர்லயோ ஏறி இருந்திடும். டிஸோசியேஷன் எண்டு சொல்லுறது இதைத்தான். பியர் ஜானே எண்ட பிரெஞ்சு உளவியலாளர் 1889லயே இதைப் பற்றி எழுதிட்டார். மனநல வருத்தங்களை வகைப்படுத்திற அமெரிக்கக் கையேடு, 2013ல வந்த டிஎஸ்எம்-5ல, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வாற பிடிஎஸ்டி எண்ட வருத்தத்துக்குள்ளயே இதுக்கெண்டு ஒரு வகை இருக்கு, உடம்பு தன்டதில்லாத மாதிரி இருக்கிறது, சுத்தியிருக்கிறதெல்லாம் கனவு மாதிரித் தெரியிறது எண்டு. உங்கட கடிதம் அதுக்குக் கிட்ட வருது, ஆனா கடிதத்தை வச்சு வருத்தத்துக்குப் பேர் வைக்க மாட்டன், அது நேரில பாக்கிற டொக்டரின்ட வேலை.

அண்டைக்கு உங்களைக் காப்பாத்தின அந்தக் கதவு இப்பவும் தன்ட பாட்டில திறக்குது, அதுதான் பிரச்சினை. பஸ்ஸில ஆரோ முட்டிக்கொண்டு நிண்டாக் காணும்.

இனி வகுப்புக்கு வாறன். இந்த மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புகள் பெரும்பாலும் 1979ல அமெரிக்காவில ஜோன் கபாட்-சின் நாட்பட்ட நோவோட இருந்த ஆக்களுக்கு நடத்தத் தொடங்கின பயிற்சியின்ட வழியில வந்தது. அடி வேர் பௌத்தம், பாளியில இதுக்குப் பேர் சதி, எங்கட தமிழ்ச் சதி இல்லை, விழிப்போட நினைவில வச்சிருக்கிறது. டிஸோசியேஷன் எண்டா இங்க இல்லாமப் போறது, மைண்ட்ஃபுல்னஸ் எண்டா இங்க இருக்கிறது, அப்ப ஒண்டுக்கு ஒண்டு மருந்துதானே எண்டு தோணும். பழகப் பழக உதவுறதும் உண்டு. ஆனா உங்களுக்கு ‘இங்க’ எண்டுறது அந்த உடம்பெல்லோ, பயம் குடியிருக்கிற இடமே அதுதான், அதுக்குள்ள கண்ணை மூடி இருட்டில தனிய இறங்கச் சொன்னா மனசு பழைய கதவாலதான் ஓடும். இதில முயற்சி காணாமப் போக என்ன இருக்கு! அந்த வாத்தியாரில எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

சில பேருக்கு வேற மாதிரி. தியானத்தில இருந்து எழும்பி "சரியான அமைதியா இருந்துது" எண்டுவினம், கேட்டா அரை மணித்தியாலம் எங்க போச்சுதெண்டு தெரியாது, கால் விறைச்சதும் தெரியாது. அது அமைதியில்ல, மரத்துப் போறது. கவனத்தோட இருந்தா றோட்டில ஹோர்ன் அடிச்சதும் முதுகு நொந்ததும் ஞாபகம் இருக்கும்.

அதால இப்போதைக்குக் கண்ணை மூடாதேங்கோ. மூச்சும் வேண்டாம். பின்னேரம் ஒரு இஞ்சிப் பிளேன்டீ போட்டு கப்பை ரெண்டு கையாலயும் பிடியுங்கோ, சூடு எந்த விரல்ல கூட எண்டு பாருங்கோ, கடற்கரைப் பக்கம் ட்ரெயின் போனா சத்தம் தேயுமட்டும் கேளுங்கோ, ரெண்டு நிமிசம் காணும். கை தூரப் போற மாதிரி வந்தா உடனே நிப்பாட்டி எழும்பி, காலை நிலத்தில நல்லா ஊண்டி, இண்டைக்கு என்ன திகதி, எனக்கு எத்தினை வயசு எண்டு வாய் விட்டுச் சொல்லுங்கோ. 31 எண்டு உங்கட குரலிலயே கேக்கட்டும். வகுப்பில சன்னலைப் பாத்துக்கொண்டு இருங்கோ, இல்லாட்டி போகாமலே விடுங்கோ, காரணம் சொல்லத் தேவையில்லை.

இது தேத்தண்ணியோட மட்டும் முடியிற விசயமில்லை எண்டும் தெரியும். ட்ரோமாவுக்கெண்டு, அதாவது இப்பிடி மனசில விழுந்த பழைய காயங்களுக்கெண்டு, பயிற்சி எடுத்த ஒருத்தரிட்ட போங்கோ. முதல் நாளே எல்லாத்தையும் சொல்லெண்டு கிண்டினா அவர் உங்களுக்குச் சரிவர மாட்டார், முதல் நிலத்தில நிக்கப் பழக்கித்தான் பிறகு பழசைத் தொட வேணும். ஆரிட்டப் போறதெண்டு தெரியாட்டி 1926 எண்ட நம்பருக்கு ஃபோன் எடுங்கோ, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின்ட லைன். அங்கொடை எண்டா ஊரில பகிடி பண்ணுவினம், விடுங்கோ, ஃபோன் எடுக்கிறது ஆருக்கும் தெரியப் போறதில்லை.

அம்மாவுக்கு எப்ப சொல்லுறது, சொல்லுறதோ இல்லையோ, அது உங்கட முடிவு, அவசரமில்லை. ஆனா தீபாவளிக்கு அந்த ஆள் வாற நேரம் நீங்கள் வீட்டில நிண்டு தேத்தண்ணி குடுக்க வேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போங்கோ. இப்பவே கேட்டு வையுங்கோ.