பீரோ சாவி எங்க இருக்கு தம்பி?

கேள்வி: அம்மாவுக்கு 79 வயசு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் பண்ணி 5 நாள் ஆகுது. மூணாம் நாள் ராத்திரியிலேருந்து ஆளே மாறிட்டாங்க. செத்துப்போன அப்பா கட்டில் பக்கத்துல நிக்கிறார்ங்கறாங்க, டிரிப்ஸைப் பிடுங்குறாங்க, என்னையே யாருன்னு கேக்குறாங்க. பகல்ல கொஞ்சம் தெளிவு. ராத்திரில கையைக் கட்டி வைக்கிறாங்க. துணைக்கு சம்பளத்துக்கு ஒரு அம்மாவைப் போட்டிருக்கோம். கண்ணாடியும் 80,000 ரூபா காது மெஷினும் ஆஸ்பத்திரில தொலைஞ்சிடும்னு வீட்டு பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன். அம்மாவுக்குப் பைத்தியமா? முதியோர் இல்லம் பாக்கணுமா?
– ஒரு மகன், திருச்சி

பதில்: தம்பி, முதியோர் இல்லம் அப்புறம் இருக்கட்டும், அந்த பீரோ சாவி எங்க?

காதும் கேக்காம கண்ணும் தெரியாம, ராத்திரி பகல் தெரியாத டியூப்லைட் வெளிச்சத்துல, முன்னப்பின்ன தெரியாத ஒரு பொம்பளை பக்கத்துல உக்காந்திருக்க, கையையும் கட்டிப் போட்டா நீங்க என்ன பேசுவீங்கன்னு பாக்கணும். யாருன்னு கேக்குறாங்கன்னு வருத்தம் வேற. கண்ணாடி இல்லாம உங்க மூஞ்சி எப்படிங்க தெரியும்?

இது பைத்தியம் இல்ல. மறதி நோய் வருஷக்கணக்குல மெதுவா வர்றது, மூணு நாள்ல வராது (முன்னாடியே லேசா மறதி இருந்திருந்தா டாக்டர்ட்ட சொல்லிடுங்க, அப்படி இருக்குறவங்களுக்கு இது இன்னும் சுலபமா வரும்). நம்ம பாட்டிங்க ஜன்னின்னு சொன்னதைத்தான் டாக்டருங்க டெலிரியம்ங்கறாங்க, இடுப்பு ஒடிஞ்சு படுத்த வயசானவங்களுக்கு ரொம்ப சகஜம், பகல்ல தெளிஞ்சு ராத்திரில ஏறுறதே அதோட குணம். வலியால வரும், வலிக்குக் குடுக்குற மருந்தாலயும் வரும், ரத்தத்துல சோடியம்ங்கற உப்பு குறைஞ்சா, யூரின்ல இன்ஃபெக்‌ஷன் இருந்தா, ஏன் நாலு நாள் மோஷன் போகலைன்னாகூட வரும். வீட்ல தினம் போட்ட தூக்க மாத்திரை எதையாவது திடீர்னு நிறுத்தினாங்களா, இங்க புதுசா குடுக்குறாங்களா, யூரின் ட்யூப் இன்னும் தேவையான்னு டாக்டரை நிக்க வச்சுக் கேளுங்க. அப்புறம் ஒண்ணு, சத்தம் போடாம சுருண்டு கிடந்தா சரியாயிடுச்சுன்னு நம்பிடாதீங்க, அமுங்கிக் கிடக்குற ஜன்னியும் உண்டு, அதைத்தான் யாரும் கண்டுக்க மாட்டாங்க.

அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல ஷாரன் இனோய்னு ஒரு டாக்டரம்மா, 70 வயசு தாண்டின 852 நோயாளிங்களைப் பாத்து 1999ல எழுதினாங்க. பெருசா மருந்து ஒண்ணும் இல்ல, கண்ணாடி, காதுக்கு உதவி, தண்ணி, தூக்கம், எழுப்பி நடக்க வைக்கிறது, இன்னைக்கு என்ன நாள்னு சொல்லிப் பேசுறது, இவ்வளவுதான். இதைச் செய்யாதவங்கள்ல 100க்கு 15 பேருக்கு ஜன்னி வந்துச்சு, செஞ்சவங்கள்ல 10 பேருக்குத்தான். ஆனா ஏற்கனவே வந்துட்டவங்களுக்கு அது அவ்வளவா கைகொடுக்கலைன்னும் அதுலயே இருக்கு, அதனாலதான் உங்க மேல எனக்குக் கோவம், கண்ணாடியையும் மெஷினையும் முதல் நாளே எடுத்துட்டுப் போயிருக்க வேண்டியது. இப்பவும் அது இல்லாம ஆகாது.

ராத்திரி நீங்க உக்காருங்க. உங்க மனைவி இல்ல, சம்பளத்து அம்மா இல்ல, பெத்த பையன் நீங்க. பழகின குரல் பக்கத்துல இருந்தா கையைக் கட்ட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது, கட்டினா இன்னும்தான் மிரளுவாங்க. அப்பா நிக்கிறார்னா அவர் செத்துட்டார்மான்னு வாதாடாதீங்க, நான் இருக்கேன்மா, இடுப்புல ஆபரேஷன் ஆச்சு, ஆஸ்பத்திரில இருக்கோம்னு சொல்லுங்க, பத்து தடவைன்னாலும் சொல்லுங்க. சில பேருக்கு நாலஞ்சு நாள்ல தெளியும், சில பேருக்கு வாரக்கணக்கு ஆகும், அதுக்குள்ள இல்லம் கில்லம்னு அவங்க காதுல விழுற மாதிரி பேசாதீங்க. விழாதுங்கறீங்களா, மெஷின் போட்டதும் விழும்.

அஞ்சு நாளா பூட்டிக் கிடக்கு, பேட்டரி இருக்கான்னு பாத்து எடுத்துட்டுப் போங்க.